வடக்குக் கண்ணாடி மட்டக்களப்புக்குச் சரிவராது

கலைஞர்களுக்கு வீடும் வேலைக்கூடமும் சேர்ந்த கட்டடம் ஒன்று மட்டக்களப்புக்குக் கட்டாயம் வேண்டும். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறும் பிள்ளைகளுக்குப் பெரிய கான்வஸ் ஒன்றை நிமிர்த்தி வைக்க இடம் வேண்டாமா? ஆனால் வெளிநாட்டு வேலைக்கூடங்களின் படங்களைப் பார்த்து, நேர் வெயில் படாத வெளிச்சம் வரும் என்று வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம், மெக்சிகோ நகரில் ஓவியர்களான டியேகோ ரிவேராவுக்கும் ஃப்ரீடா காலோவுக்கும் கட்டடக்கலைஞர் ஹுவான் ஓ'கோர்மன் 1931–32இல் கட்டிய இரட்டை வீடு. ரிவேராவின் கூடத்துக்கு வாள்பல் கூரை, அதாவது வாளின் பற்கள்போல் வரிசையாக எழுந்து, பல்லின் நிமிர்ந்த பக்கத்தில் கண்ணாடி வைத்த கூரை. அந்த ஊர் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 19 பாகையில் இருக்கிறது; நண்பகல் சூரியன் வடக்கே நிற்பது மே நடுப்பகுதியிலிருந்து ஜூலைக் கடைசி வரைதான். மட்டக்களப்பில் நாம் இருப்பது 7.7 பாகையில். சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன் வடக்கே போகிற சூரியன் செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்பும். ஏறக்குறைய ஐந்து மாதம் கான்வஸில் நேர் வெயில் விழும், அதுவும் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில்.

கணக்கைப் பாருங்கள். 10 அடி உயர யன்னலுக்கு ஜூன் நண்பகலில் 3 அடி சன்ஷேட் போதும். பின்னேரம் 4 மணிக்கு அதே யன்னலுக்கு 6 அடிக்கு மேல் வேண்டும். யாரும் அப்படி நீட்டமாட்டார்கள். ஆகவே மேலே மூன்றரை அடி, பக்கவாட்டில் 4 அடிக்கு ஒன்றாக 2 அடி வெளியே நீளும் நிலைக்குத்துச் சுவர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வெயில் நிற்கும்.

மழை இன்னும் மோசம். நவம்பரிலிருந்து வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். வாள்பல் கூரையின் கண்ணாடி அதற்கு நேரே முகம் காட்டி நிற்கும். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பீலியில் சருகு அடைத்தால் தண்ணீர் வெளியே போகாது, உள்ளேதான் வழியும். கடலோரத்தில் சாதாரண இரும்புச் சட்டங்களை உப்புக்காற்று அரித்துவிடும். தேக்கோ அலுமினியமோ போடுங்கள். 1978 சூறாவளி கண்ட ஊர் இது, கூரை மரத்தைச் சுவர்களின் மேல் சுற்றிவரும் கொங்கிறீற் வளையத்தில் போல்ட் போட்டு இறுக்காமல் ஓடு ஏற்றவே கூடாது.

என் பார்வையில் நமக்குக் கிட்டிய முன்மாதிரி, பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960–62இல் கொழும்பில் கட்டிய வீடு. தெருவுக்கு மதில், நடுவே முற்றம், சுற்றிவர விறாந்தை, தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரை. பிற்காலத்தில் அதைப் பிரித்தெடுத்து பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி கட்டினார்கள். முற்றத்திலிருந்து தெறித்து வரும் வெளிச்சம் வரையப் போதும், கண் கூசாது.

அந்த முற்றத்தை 30 அடிக்குக் குறைக்காதீர்கள். அதுவே கூத்துக்காரருக்கு ஆடும் களரியாகும். மத்தளம் இருக்கும் அறையைப் படுக்கையறைகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், தரையை இரண்டடி உயர்த்துங்கள். மாரியில் ஈரம் ஏறினால் மத்தளத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.