எட்டும் தெரியுதா, இல்லையா?

சனிக்கிழமை ராத்திரி, என் லினக்ஸ் சர்வரில் ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, சிலது செத்தாலும் தரவு பிழைக்கும்படி வைப்பது) ஸ்க்ரப், அதாவது எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கிற வேலை, பாதியில் இருக்கும்போது நாலு டிஸ்க் ஒரே நொடியில் காணாமல் போயின. ஆறு டிஸ்க் போட்ட ரெய்டு 6. இரண்டு போனால் தாங்கும், நாலு போனால் எப்படித் தாங்கும்? அம்மாவின் கடைசி வருஷத்துப் படங்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன.

லினக்ஸ் தன் குறிப்பு எழுதும் கர்னல் லாக்கைத் திறந்தால் 'போர்ட் மல்டிப்ளையர்' என்று எழுதியிருக்கிறது, ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கிற சிப். டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்க எட்டு போர்ட் கார்டு என்று விற்றார்களே, அதில் இருப்பது இரண்டே போர்ட் உள்ள ஏஎஸ்எம்1061 சிப். ஒவ்வொரு போர்ட்டின் பின்னாலும் ஒரு மல்டிப்ளையரை ஒட்டி நாலு நாலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு டிஸ்க் முரண்டு பிடித்து அந்த போர்ட் ரீசெட் ஆனால் கூட இருக்கும் மூன்றும் சேர்ந்து விழும். அதோடு எட்டு டிஸ்க்குக்கும் சேர்த்து மதர்போர்டுக்குப் போகும் பாதை பிசிஐஇ 2.0-வில் ஒரே ஒரு லேன், கணக்குக்கு நொடிக்கு 500 எம்பி. எட்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றுக்கு அறுபது தேறுமா?

வாங்கும்போதே கேட்டேன். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் நின்று கேட்டேன்.

"அண்ணே, இதுல என்ன சிப்?"

"எட்டு போர்ட் சிப்."

"சிப்போட பேரு என்னண்ணே?"

"சார், சொருகுனா எட்டு டிஸ்க்கும் தெரியும். தெரியலன்னா கொண்டு வாங்க."

மேலே ஹீட்சிங்க் ஒட்டியிருந்தது. பெட்டியிலும் பேர் இல்லை. நம்பி வாங்கினேன்.

திங்கட்கிழமை கார்டோடு போய் நின்றேன். ஸ்க்ரப், ரீசெட், ரெய்டு விழுந்தது என எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எட்டும் தெரியுதா, இல்லையா?" போட்ட ஆறும் தெரியுது, ஆனா லோடு வந்தா விழுதுண்ணே என்றேன். "தெரியுதுல்லா? அப்போ கார்டு நல்லாதான் இருக்கு." உள்ளேயிருந்து இன்னொருவர் வந்தார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், டிஸ்க் எல்லாம் தெரியுதா?" என்றார். முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். அவரும் அதையேதான் கேட்டார்.

கடைசியில் சர்வருக்கு இதுதான் சரி என்று நாலு மடங்கு விலையில், ரெய்டு வேலையைத் தானே செய்கிற ஒரு ரெய்டு கார்டை எடுத்து நீட்டினார்கள். எனக்கு எதற்கு அது? ரெய்டை லினக்ஸே பார்த்துக்கொள்கிறது. அந்த மாதிரிக் கார்டு டிஸ்க்கை மறைத்துவிட்டு, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரம் பார்க்கக்கூட நேர்வழி விடாது. நாளைக்குக் கார்டு செத்தால், டிஸ்க்கைப் படிக்க அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். டிஸ்க்கை அப்படியே லினக்ஸ் கையில் கொடுக்கிற எச்பிஏ கார்டு போதும். எஸ்ஏஎஸ்2008 சிப் போட்ட பழைய எல்எஸ்ஐ கார்டு, ரெய்டு வேலை பார்க்காமல் டிஸ்க்கை நேராகக் காட்டும் ஐடி மோட் ஃபர்ம்வேரோடு இருந்தால், அதற்கான எம்பிடி3சாஸ் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. சாதாரண டிஸ்க் இணைப்பான சாட்டா கார்டுதான் வேண்டுமென்றால் ஆறு போர்ட்டும் சொந்தமாக உள்ள ஏஎஸ்எம்1166 சிப் இருக்கிறது. இந்தப் பேரை அட்டைப் பெட்டியில் அச்சடிக்க என்ன கேடு? அரிசி மூட்டையில்கூட ரகம் போட்டிருக்கிறது!

ரெய்டை வலுக்கட்டாயமாகச் சேர்த்து எழுப்பிவிட்டேன், படங்கள் பிழைத்தன. கார்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மீதி எழுபது ரூபாயை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார் கண்டக்டர். தக்கலையில் இறங்கும்போது நீட்டினால் சில்லறை இல்லையாம். முன்னால் ஏறிய அத்தனை பேரிடமும் வாங்கிய சில்லறை எங்கே போனது?