கமாண்ட் ஹிஸ்டரியை அழிக்க ஒரு கட்டளை தர இவ்வளவு கஷ்டமா?

1982-ல் முதல் பதிப்பு வந்த வரைபட மென்பொருள் ஆட்டோகேட். இத்தனை பதிப்பு கடந்தும், கட்டளை அடிக்கும் கமாண்ட் லைனில் குவிந்து கிடக்கும் பழைய வரிகளை, அதாவது கமாண்ட் ஹிஸ்டரியை அழிக்க அதில் நேரடியான ஒரு கட்டளை இல்லை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் சிஎல்எஸ் அடித்தால் திரை சுத்தம். லினக்ஸ் டெர்மினலில் க்ளியர். ரைனோ என்ற 3டி மென்பொருளில்கூட க்ளியர்கமாண்ட்ஹிஸ்டரி என்று பைதான் ஸ்கிரிப்டில் ஒரே அழைப்பில் வேலை முடிகிறது. கட்டளை அடித்தே பிழைப்பு நடக்கும் ஆட்டோகேடில் மட்டும் இது இல்லை என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள், ஸ்கிரீன் ஷேரில் வெளியாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹிஸ்டரியை விரித்துக் காட்டும் எஃப்2-வைத் தட்டிப் பார்க்கட்டும். எக்ஸ்ரெஃப், அதாவது இணைத்திருக்கும் வேறு டிராயிங் கோப்பு, எந்த சர்வரில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழுப் பாதையும் அங்கே வரிவரியாக நிற்கும். ஒரே ஒரு பிழைச் செய்தியை அனுப்பலாம் என்று காப்பிஹிஸ்ட் அடித்தால் மொத்த ஹிஸ்டரியும் கிளிப்போர்டுக்குப் போகிறது. அப்படியே மெயிலில் ஒட்டினால் உள்வீட்டு விஷயம் எல்லாம் வெளியே போய்விடும்.

வழி கேட்டால் கிடைக்கும் பதில்கள் இன்னும் மோசம். க்ளீன்ஸ்கிரீன்ஆன் அடி என்பார்கள். அது ரிப்பனையும் பேலட்டுகளையும் மறைக்கும், கன்ட்ரோல் 0 செய்யும் அதே வேலை. ஹிஸ்டரியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாது. பர்ஜ் போடு என்பார்கள். அது பயன்படாத பிளாக், லேயர், லைன்டைப் போன்றவற்றை டிராயிங்கிலிருந்து நீக்குவது. இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஹிஸ்டரியை நீக்க பிரெப் கட்டளையைக் கொடு என்ற ஆலோசனை. பிரெப் நீக்குவது 3டி சாலிடுக்குள் இருக்கும் ஹிஸ்டரியை, அதாவது யூனியன், சப்ட்ராக்ட் செய்வதற்கு முன் இருந்த மூல வடிவங்களின் பதிவை. தெரியாமல் அதை ஓட்டி, கவனிக்காமல் சேவ் செய்து மூடிவிட்டால் அந்த மூல வடிவங்களைத் திரும்பப் பிடிக்க முடியாது. கேள்வி எதைப் பற்றியது என்றுகூடப் பார்க்காமல் பதில் சொல்பவர்களை என்ன செய்வது?

உருப்படியான வழி இரண்டுதான். ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஹிஸ்டரி தனித்தனி; அந்த டிராயிங்கை மூடித் திறந்தால் பழைய வரிகள் போய்விடும். ஆனால் பாதி வேலையில், அன்டூவும் சேர்ந்து போகும் என்று தெரிந்தும் யார் மூடுவார்கள்? அடுத்தது லிஸ்ப், அதாவது ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல். வெற்று வரிகளைத் தொடர்ந்து அச்சிட்டுப் பழையதை மேலே தள்ளி வெளியேற்றுவது. இதற்கென்று சுற்றிக்கொண்டிருக்கும் பல லிஸ்ப்களில், எத்தனை முறை என்று சொல்லும் ரிபீட்டுக்குப் பக்கத்தில் 30 அல்லது 50 என்று போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் காலியாகும். ஸ்க்ரோல் செய்தால் எல்லாம் அப்படியே இருக்கும். இது அழிப்பதாகாது, மறைப்பது. ஹிஸ்டரியில் எத்தனை வரி நிற்கும் என்பதைச் சொல்லும் சிஎம்டிஹிஸ்ட்லைன்ஸ் என்ற சூழல் மாறியின் மதிப்பை கெட்என்வ் மூலம் எடுத்து, எண்ணாக மாற்றி, அத்தனை முறை புது வரி போடும் டெர்ப்ரி ஓட வேண்டும். அப்போதுதான் கடைசிப் பழைய வரியும் வெளியே விழும். முடிவில் வெறும் பிரின்க் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் துடைத்த இடத்தில் நில் (nil) என்று வந்து உட்காரும்.

அதற்குப் பிறகும் மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளைகள் வரும்! ஏனென்றால் அது வேறு சேமிப்பு. அதைக் கட்டுப்படுத்துவது இன்புட்ஹிஸ்டரிமோட் என்ற மாறி. இயல்பு மதிப்பு 15, அதாவது 1, 2, 4, 8 நான்கும் சேர்ந்தது. 1 என்பது அம்புக்குறியில் வருவது. 2, 4 இரண்டும் வலது கிளிக் மெனுவில் வரும் சமீபத்திய உள்ளீடுகள். 8 என்பது சமீபத்தில் கொடுத்த புள்ளிகளைக் காட்டும் குறி. 0 கொடுத்தால் எதையும் காட்டாது. ஒரே பதிவைத் துடைக்க ஒரு லிஸ்ப் அல்லது ஒரு மறுதிறப்பு, அதோடு ஒரு மாறி என்று இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

சரி, அழிக்கத்தான் விடவில்லை, வேண்டியதையாவது பத்திரமாக வைத்திருக்கிறதா? அதுவும் இல்லை. சிஎம்டிஹிஸ்ட்லைன்ஸின் இயல்பு மதிப்பு 400 வரி. 500 வெர்டெக்ஸ் (முனைப் புள்ளி) உள்ள ஒரு கான்டூர் பாலிலைனை எடுத்து, அதன் விவரங்களைக் காட்டும் லிஸ்ட் கட்டளையைக் கொடுங்கள். லேயர், பரப்பு, சுற்றளவு எல்லாம் முதலில் வரும்; அதன் பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி. என்டர் தட்டிக்கொண்டே கடைசிப் புள்ளிக்கு வந்து, பரப்பு என்ன என்று மேலே போய்ப் பார்த்தால் அந்த வரி இருக்காது. கேட்ட கேள்விக்கான விடையை அந்த விடையின் வாலே தள்ளிவிட்டது. இந்த எண்ணை 2048 வரை ஏற்றலாம், அதற்கு மேல் விடாது. ஏற்றி வையுங்கள். பரப்பு மட்டும் வேண்டுமென்றால் லிஸ்டை விட்டுவிட்டு ப்ராப்பர்டீஸ் பேலட்டைப் பாருங்கள்.

முழுப் பதிவும் வேண்டுமென்றால், ஹிஸ்டரியை ஒரு கோப்பில் எழுதி வைக்கும் லாக்ஃபைல்ஆன் இருக்கிறது. அதில் இன்னொரு வம்பு. அந்தப் பதிவு ஓடுகிறதா என்பதைக் குறிக்கும் லாக்ஃபைல்மோட், ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்படும் மாறி. இன்று ஒரு சோதனைக்காக 1 ஆக்கி மறந்தால், நாளை திறக்கும்போதும் அது 1 தான். வரைபவருக்குத் தெரியாமலே லாக் கோப்புகள் குவிந்துகொண்டே இருக்கும். திரையில் எவ்வளவு துடைத்தாலும் அந்தக் கோப்பில் ஒரு வரியும் குறையாது. லாக்ஃபைல்பாத் என்று அடித்து இடத்தைப் பார்த்து, லாக்ஃபைல்ஆஃப் கொடுத்து, கோப்புகளைக் கையாலேதான் நீக்க வேண்டும்.

லிஸ்ப் எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹிஸ்டரியில் பாதிக் குப்பை உங்கள் நிரல்கள் கொட்டுவது. நிரல் ஓட்டும் கட்டளைகளின் வரிகளைக் காட்டும் சிஎம்டிஎக்கோ என்ற மாறியை 0 ஆக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முடிந்ததும் பழைய மதிப்புக்கே திருப்புங்கள். அதை விட்டுவிட்டு நோமட் என்ற மாறியை 1 ஆக்கி எல்லாச் செய்தியையும் அடக்குகிறீர்கள். நிரல் நடுவில் முறிந்தால் அது 1 ஆகவே நின்றுவிடுகிறது. அடுத்து உட்காரும் ஆளுக்கு கமாண்ட் லைன் ஊமையாகிவிடும். மூவ் அடித்தால் பொருளைத் தேர்ந்தெடு என்ற வரிகூட வராது. மென்பொருளே பழுது என்று நினைத்து ரீஇன்ஸ்டால் வரை போகிறார்கள். நோமட் அடித்து 0 கொடுத்தால் தீர்ந்தது. நிரல் முறியும்போது ஓடும் எரர் ஃபங்ஷனுக்குள் அந்த ஒரு வரியை எழுதி வைக்காத லிஸ்பை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.