லீவு விட்டாச்சு, பிள்ளையை எங்கே விடுவது?

எங்கள் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ராத்திரி ஒரு சண்டை. காரணம் ஒரே ஒரு வரி அறிவிப்பு: மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட வரும் சனிக்கிழமை பள்ளி உண்டு, திங்கட்கிழமை பாடவேளைப்படி வகுப்பு நடக்கும். உடனே ஒரு அப்பா, "லீவு மேல லீவு, புள்ளைங்க எப்பதான் படிக்கும்?" என்று போட்டார். இன்னொருவர், "சனிக்கிழமை என் பொண்ணுக்கு சிலம்பம் கிளாஸ், அனுப்ப மாட்டேன்" என்றார். ஒரு அம்மா தீபாவளிக்கு மறுநாள் விட்ட லீவையும் இதில் கோத்துவிட்டார். அதற்குள் யாரோ, எந்தப் பண்டிகைக்கு யாருக்கு எத்தனை நாள் என்று ஆரம்பிக்க, அட்மின் குரூப்பையே பூட்டிவிட்டார். நல்ல காரியம் செய்தார். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

எத்தனை நாள் லீவு என்ற சண்டையே எனக்குப் புரிவதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். நம் மாநிலத்தில் 2024-25 கல்வியாண்டுக்கு முதலில் 220 நாள் என்று நாள்காட்டி வெளியிட்டார்கள். சனிக்கிழமைகள் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தன. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததும் அது 210 ஆனது. எண் எதுவானாலும் அதை எட்டியாக வேண்டும். ஆக, மழைக்கு விட்ட ஒரு நாள் எங்கேயும் தொலைந்துபோவதில்லை. சனிக்கிழமை வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. கணக்கில் ஒன்றும் குறையவில்லை, அண்ணா.

அந்தச் சனிக்கிழமைக்கு என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி. அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். பாதி வகுப்பு காலியாக இருக்கும். பாதிப் பிள்ளைகள் இல்லாதபோது எந்த டீச்சரும் புதுப் பாடம் எடுக்க மாட்டார். எடுத்தால் திங்கட்கிழமை திரும்பவும் எடுக்க வேண்டும். அதனால் நோட்டுத் திருத்துவது, எழுதாததை எழுத வைப்பது, மதியம் விளையாட விடுவது. பிள்ளைகளுக்கு அது ஒன்றும் கெட்ட நாள் இல்லை, உண்மையில் ஜாலியான நாள். ஆனால் அதைப் பாட நாள் என்று சொல்லாதீர்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்புகிறது, அவ்வளவுதான். இதையே திருப்பிப் பாருங்கள். டீச்சர் வாக்காளர் பட்டியல் வேலைக்கோ பயிற்சிக்கோ போய்விட்டு, ரெண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து உட்கார வைக்கிற நாட்கள் இருக்கின்றன. அவை முழு வேலை நாளாகவே கணக்காகின்றன. அதற்கு யாரும் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவதில்லை. அந்த நாட்களுக்காக எங்கள் குரூப்பில் ஒருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பண்டிகை லீவு பற்றி அதிகம் பேச எனக்கு ஆர்வமில்லை. பொது விடுமுறைப் பட்டியல் முந்தைய வருடமே வந்துவிடுகிறது, அதில் சில ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாகவும் போகின்றன. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். அதோடு விஷயம் முடிந்தது.

தீபாவளி மறுநாள் மட்டும் வேறு கதை. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. திங்கள் லீவு, அதற்கு 18ஆம் தேதி சனிக்கிழமை பள்ளி. 2024-இல் அக்டோபர் 31, வியாழன். வெள்ளி லீவு, அதற்கு நவம்பர் 9 சனிக்கிழமை பள்ளி. இந்த லீவு கூடாது என்கிறவர்கள் சென்னையில் பிறந்து, சென்னையிலேயே மாமியார் வீடும் வாய்த்தவர்களாக இருக்க வேண்டும். தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் போகிறவர்கள் பண்டிகை முடிந்த ராத்திரியே பஸ் ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வீடு வந்து, பிள்ளைக்கு யூனிபார்ம் மாட்டி அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. லீவு தேவைதான். என் கோபம் அது கடைசி நேரத்தில் வருவதில்தான். தீபாவளி எந்தத் தேதி, என்ன கிழமை என்பது ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே தெரியும். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, திறந்த சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட். அந்த நேரத்தில் லீவு உண்டா என்று தெரியாதவர்கள் தீபாவளி ராத்திரிக்கே திரும்பி வர டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் வருகிற அறிவிப்பால் அவர்களுக்கு என்ன லாபம்? பரிசு மாதிரி அறிவிக்காமல், நாள்காட்டியிலேயே அச்சடித்துவிட்டால் போதும்.

இப்போது மழைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அக்டோபர் பாதியில் தொடங்கி டிசம்பர் வரை இந்த ஊரில் பள்ளிப் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் காலை ஒரே காட்சி. ஐந்தரை மணிக்கே டிவியில் பிளாஷ் நியூஸ், போனில் மழை லீவை அறிவிக்கிற மாவட்ட கலெக்டரின் எக்ஸ் பக்கம், இன்னொரு பக்கம் வெதர்மேன் பதிவு. மூன்றாவது படிக்கிற என் பையனுக்கு வாய்ப்பாடு தடுமாறும். ஆரஞ்சு அலர்ட்டுக்கும் ரெட் அலர்ட்டுக்கும் வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அறிவிப்பு ஆறு மணிக்கு வரும், ஆறரைக்கு வரும், சில நாள் பிள்ளை படியிறங்கிய பிறகு வரும். ஒரு நாள் லீவு விட்டால் வெயில் அடிக்கும், விடாத நாள் கொட்டும். உடனே மீம்ஸ்.

அந்த மீம்ஸ் எனக்குப் பிடிக்காது. 2024 அக்டோபரில் என்ன நடந்தது? 15ஆம் தேதி நல்ல மழை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் லீவு. 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த மழை வரவில்லை. ஊரே சிரித்தது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில், முன்னெச்சரிக்கையாக ஒரு நாள் லீவு விட்ட அதிகாரியைக் கேலி செய்தால், அடுத்த முறை அவர் காலை வரை காத்திருந்து, வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் அறிவிப்பார். காலை ஆறு மணி அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நம் கேலிக்கும் அதில் பங்கு உண்டு.

முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லுங்கள், தப்பாகப் போனாலும் பரவாயில்லை என்பதுதான் என் கட்சி. இதற்குக் காரணம் எங்கள் குரூப்பில் ஒரு அக்கா அனுப்பிய வாய்ஸ் நோட். குரூப் பூட்டுவதற்கு முன் வந்த கடைசி மெசேஜ் அது. யாரும் பதில் போடவில்லை. அவருக்குத் தெற்கே ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. வியாசர்பாடியிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போகிறார். "காலைல ஆறரைக்கு லீவுன்னா நான் யாரைப் புடிப்பேன்? ராத்திரியே தெரிஞ்சா பக்கத்து வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெப்பேன், இல்ல ஷிப்ட் மாத்திக் கேப்பேன். காலைல போன் பண்ணா சூப்பர்வைசர் எடுக்கவே மாட்டாரு, அன்னிக்கு சம்பளம் கட்" என்றார். லீவு அதிகமா குறைவா என்று எல்லோரும் மோதிக்கொண்டிருந்தபோது, இவர் கேட்டது எப்போது சொல்வீர்கள் என்று மட்டும்தான். வீட்டில் பாட்டி இருக்கிறவர்களுக்கும், மழை என்றால் வீட்டிலிருந்தே வேலை என்று கம்பெனியே சொல்கிறவர்களுக்கும் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மழை நாளில்தான் எங்கள் கடைக்குக் கூட்டம்.

எல்லைத் தகராறு தனி. சென்னை மாவட்டம் 2018-இல் பெரிதானது. வடக்கே எண்ணூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே சோழிங்கநல்லூர் வரை ஒரே அறிவிப்பு. வடசென்னையில் எங்கள் பக்கம் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிறைந்து தடுப்பு போட்டிருப்பார்கள், தெற்கே தூறல்கூட இருக்காது. அந்தப் பக்கம் பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆலந்தூர் சென்னை மாவட்டம். பல்லாவரத்தில் குடியிருந்து ஆலந்தூரில் படிக்கிற பிள்ளைக்கு எந்த கலெக்டர் சொல்வது செல்லும்? தண்ணீர் தேங்கிய இடங்களில் தலைமை ஆசிரியரே முடிவு செய்யலாம் என்று சில முறை சொல்லியிருக்கிறார்கள். அதைப் பழக்கமாக்கினால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் கலெக்டர் விடாத லீவை விட்டுவிட்டு, நாளைக்கு மேலே பதில் சொல்ல எந்த எச்.எம். துணிவார்?

அடுத்து சாப்பாடு. இதை எங்கள் குரூப்பில் யாரும் பேசவில்லை, பேசக் கூச்சம். மாநகராட்சிப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது, மதியம் முட்டையோடு சாப்பாடு. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்த ஊர் இது. பள்ளி மூடினால் ரெண்டு வேளைச் சாப்பாடும் மூடுகிறது. அதுவும் எந்த நாளில்? கட்டட வேலை நின்றுபோய், பிளாட்பாரக் கடை போட முடியாமல், அப்பா அம்மா கையிலும் காசு வராத அதே மழை நாளில். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதே பள்ளிக் கட்டடத்தை நிவாரண முகாமாகத் திறந்து சாப்பாடும் போடுகிறார்கள். தண்ணீர் வாசலோடு நின்றுவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. சென்னையில் காலை உணவைப் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில்தான் பள்ளிகளுக்குக் கொண்டு வருகிறார்கள். தெருவில் வண்டி போக முடிகிற நாளில், வகுப்பு இல்லாவிட்டாலும் பள்ளி கேட்டைத் திறந்து அதை வழங்கினால் என்ன? டீச்சர்களைக் கூப்பிட வேண்டாம், அவர்களில் பலர் ரயில் ஏறி வருகிறவர்கள். பக்கத்துத் தெருக்களில் இருக்கிற பெற்றோர் ரெண்டு பேர் நின்றால் போதும். நான் நிற்கிறேன்.

இன்னொன்று. கேரளாவில் 2025-இல் கல்வி அமைச்சர் சிவன்குட்டி, ஏப்ரல், மே விடுமுறையை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். நமக்கு அது சரிவராது. மே மாத அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகளைத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைக்க முடியுமா? ஜூனிலேயே முடியவில்லை, 2023-இல் வெயில் தாங்காமல் பள்ளி திறப்பைத் தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று திறந்தார்கள். ஆனால் மழையை நாள்காட்டிக்குள் கொண்டுவரலாமா என்ற அந்தக் கேள்வி நல்ல கேள்வி. நம் அரையாண்டுத் தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிசம்பரில். 2015 வெள்ளம் டிசம்பர் தொடக்கம். 2016 வர்தா புயல் டிசம்பர் 12. 2023 மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரம், அந்த முறை தேர்வே தள்ளிப்போனது. புயல் வருகிற பாதையில் தேர்வை வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் புயல் வந்ததும் ஆச்சரியப்படுகிறோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மார்ச்சில் பொதுத் தேர்வு, அவர்களை விட்டுவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரையாவது அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குக் கொண்டுபோகலாம். நவம்பர், டிசம்பரில் மழைக்கு என்று சில நாட்களை நாள்காட்டியிலேயே ஒதுக்கலாம். மழை வந்தால் லீவு, வராவிட்டால் வகுப்பு, சனிக்கிழமைப் பேச்சே வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவில் உட்கார்ந்து படிக்க வேண்டி வருமே என்று எட்டாவது படிக்கிற என் மகள் இப்போதே முறைக்கிறாள். அவள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஓட்டு எனக்குத்தான்.

தனியார் பள்ளிக்கு அனுப்புகிற சொந்தக்காரர்கள், "எங்களுக்கு மழை லீவுன்னா ஆன்லைன் கிளாஸ் வெச்சுடுவாங்க" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தாதீர்கள் என்று கல்வித் துறை வருடா வருடம் சொல்லியும் நடத்துகிற பள்ளிகளைப் பற்றி எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஒரே போன் இருக்கிற வீட்டில், அந்த போனும் வேலைக்குப் போகிற அப்பா பாக்கெட்டில் இருக்கும்போது, ஆன்லைன் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

சரி, இதையெல்லாம் எங்கே சொல்வது? பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். லீவை முடிவு செய்கிற அதிகாரம் அதற்கு இல்லை. தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். மழை நாளில் சாப்பாட்டுக்காக கேட் திறப்பதையும், ரெண்டு பேர் நிற்பதையும் அங்கேயே பேசி முடிக்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் நடக்கிறது, அந்த நேரத்தில் வேலைக்குப் போகிற யாராலும் வர முடியாது. நான் இந்த மாதம் கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்கிறேன். வர முடியாதவர்கள் அந்த அக்கா மாதிரி வாய்ஸ் நோட் அனுப்புங்கள், கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், எச்.எம். நாலரைக்கு மேல் உட்கார மாட்டார்.