முன்னாடி போட்டாலும் தப்பு, பின்னாடி போட்டாலும் தப்பு

ஸ்கில்டு வொர்க்கர்ங்கிற வேலை விசால பிரிட்டன்ல இருக்கிறவன், ஐ.எல்.ஆர்., அதாவது அங்கேயே நிரந்தரமா தங்குற அனுமதிக்கு விண்ணப்பம் போட நாள் குறிக்க ஜோசியரைத்தான் பிடிக்கணும் போல. அங்க வந்து அஞ்சு வருஷம் முடிய 28 நாளுக்கு மேல இருக்கும்போதே போட்டா, சீக்கிரம் வந்துட்டேன்னு நிராகரிச்சிடலாம். கட்டின காசும் போச்சு. அந்தக் கட்டணத்தை 2025 ஏப்ரல்ல ஆளுக்கு 3,029 பவுண்டு ஆக்கினாங்க, சும்மா இல்ல. கொஞ்சம் அசந்து விசா தேதி தாண்டிட்டாலோ வேலைக்கே உலை.

சரி, தேதி பார்த்தே போடலாம்னா, வெளிநாடு போய் வந்த கணக்கு. எந்த 12 மாசத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல வெளியில இருந்திருக்கக் கூடாது. பழைய டிக்கெட் மெயில், பாஸ்போர்ட் சீல் எல்லாத்தையும் தோண்டித் துருவி எக்ஸெல்ல ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். சென்னை ஏர்போர்ட்ல குத்தின சீல் ஒண்ணு பாதிதான் விழுந்திருக்கு. அது 3-ஆ 8-ஆ, கடவுளுக்கே வெளிச்சம்.

நடுவுல பிரிட்டன் வரலாறு, வாழ்க்கை பத்திக் கேக்குற 'லைஃப் இன் தி யூகே' பரீட்சை வேற. 24 கேள்வி, 45 நிமிஷம், 50 பவுண்டு. எட்டாம் ஹென்றி ராஜாவோட ஆறு பொண்டாட்டி கதையெல்லாம் இந்த வயசுல மனப்பாடம்!

எல்லாம் முடிச்சுப் போட்டாலும், பதில் வர்றதுக்குள்ள ஊருக்குக் கிளம்பினா விண்ணப்பத்தை நாமளே வாபஸ் வாங்கினதா எடுத்துப்பாங்க. இதை அம்மாவுக்கு யாரு புரிய வைக்கிறது? "தையில தங்கச்சி கல்யாணத்த வெச்சுக்கிட்டு அப்படி என்னடா பொல்லாத பேப்பரு?"ங்கிறாங்க.