குருதை தப்பு, சதை மட்டும் சரியா?

குதிரையைக் ‘குருதை’ என்று ஒரு பிள்ளை சொன்னதும் வகுப்பே சிரிக்கிறது. சில நேரம் ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். கொடைக்கானலில் இது இன்னமும் நடக்கிறது. ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டிப் பிழைக்கிற வீடுகள் உள்ள ஊர் இது. தாத்தனும் அப்பனும் குருதை என்றே சொல்லும்போது பிள்ளை வேறெப்படிச் சொல்லும்? எனக்கு இதில் கோபம் உண்டு.

குதிரையில் தகரமும் ரகரமும் இடம் மாறினால் குருதை. அதே இரண்டும் அப்படியே மாறித்தான் மதுரை ‘மருதை’ ஆனது. வத்தலக்குண்டு இறங்கி ‘மருதைக்குப் போறேன்’ என்கிற பெரியவர்கள் இன்னும் மலையில் இருக்கிறார்கள். இலக்கணத்தில் இதற்கு நிலைமாறுதல் என்று பெயரே இருக்கிறது. தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இந்தக் கணக்குதான். ஞிமிறு, மிஞிறு இரண்டும் வண்டுதான். சதை என்று எழுதுகிற பிள்ளையின் நோட்டில் யாரும் சிவப்பு மையில் சுழிப்பதில்லையே! புலவர் வாயில் புரண்டால் இலக்கணம், குதிரைக்காரர் வாயில் புரண்டால் கொச்சையா?

எழுத்து மட்டுமில்லை, சொல்லும் நிலைமாறும். இல்முன் முன்றில் ஆகும், நகர்ப்புறம் புறநகர் ஆகும். பள்ளியில் இது இலக்கணப்போலி. போலி என்றால் இன்றைய பிள்ளைக்குப் போலிச் சான்றிதழும் போலி டாக்டரும்தான் தெரியும். ‘போல இருப்பது’ என்று ஒரு நிமிடம் நின்று சொல்லலாம், பலர் சொல்வதில்லை.

கால்வாய், வாய்க்கால் இரண்டையும் பூம்பாறைப் பூண்டுத் தோட்டத்தில் வைத்தே நடத்தலாம். படிப்படியாக இறங்கும் பாத்திகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் ஓடும். மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து வைத்தால் அடுத்த பாத்திக்குத் திரும்பிவிடும். அதை யாரும் கால்வாய் என்று சொல்லமாட்டார்கள், அது வாய்க்கா. கால்வாய் என்றால் அரசாங்கம் வெட்டியது. புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள், தோட்டத்தில் அளவு வேறு. மேல்மலை என்றால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம். அதையே புரட்டி மலைமேல் என்றால் கீழ்மலையின் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும்கூட உள்ளே வந்துவிடும். எது புரண்டால் பொருள் நிற்கிறது, எது புரண்டால் போய்விடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இதைவிட நல்ல இலக்கண வகுப்பு எனக்குத் தோன்றவில்லை.

தேர்வில் குதிரை என்றே எழுதட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் திருத்தும்போது ‘தப்பு’ என்பதோடு நிறுத்தாமல், ‘உங்க வீட்டுப் பேச்சுல எழுத்து நிலைமாறியிருக்கு, சதை மாதிரி’ என்று ஒரு வரி சேருங்கள். கலந்தாய்வில் மாறுதல் வாங்கி மலைக்குப் புதிதாக வரும் தமிழாசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.