ஆணி அடிக்காத குடித்தனம்

வீட்டுக்காரம்மா: தம்பி, பாத்ரூமில் இரண்டு பேரைத் தங்க வைத்திருக்கிறாயாமே?

தம்பி: யார் சொன்னது அக்கா?

வீட்டுக்காரம்மா: யார் சொல்ல வேண்டும்? நேற்று படிக்கட்டில் நின்று போனில் நீயேதான் கத்திக்கொண்டிருந்தாய். "ரெண்டையும் புதன்கிழமை குளிப்பாட்டினேன், இன்னும் ஈரம் காயவில்லை, இனி சனிக்கிழமைதான்" என்று. யாரப்பா அது, படுத்த படுக்கையாய் இருக்கிற ஆளா?

தம்பி: ஆளே இல்லை அக்கா. ஃபெலனாப்சிஸ்.

வீட்டுக்காரம்மா: பேரைக் கேட்டால் நம்ம பக்கத்து ஆளாகத் தெரியவில்லையே. ஆதார் இருக்கிறதா?

தம்பி: செடி அக்கா. ஆர்க்கிட் செடி.

வீட்டுக்காரம்மா: செடியை யாராவது பாத்ரூமில் வைப்பார்களா? சும்மா மழுப்பாதே. வாண்டு ஒன்று வேறு இருக்கிறது. அதற்கு மட்டும் தினமும் குளியல் என்றாய். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்றுதானே போர்ஷனை விட்டேன்? தண்ணீருக்குத் தலைக்கு 150 என்று முதல் நாளே சொன்னேனா இல்லையா?

தம்பி: வாண்டு இல்லை, வாண்டா.

வீட்டுக்காரம்மா: வாண்டாம் என்றால் அனுப்பிவிட வேண்டியதுதானே!

தம்பி: ஐயோ, வேண்டாம் இல்லை அக்கா. அந்தச் செடிக்குப் பேரே வாண்டா. சமஸ்கிருதத்தில் இருந்த பேரை வெள்ளைக்காரன் அப்படியே எடுத்து வைத்துவிட்டான். அது பாத்ரூமில்கூட இல்லை. பின் ஜன்னலில் தொங்குகிறது.

வீட்டுக்காரம்மா: வாண்டை ஜன்னலில் தொங்க விட்டிருக்கிறாயா!

தம்பி: வாங்க, வந்தே பாருங்கள்.

வீட்டுக்காரம்மா: வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல். தொங்கவிட ஆணி அடித்தாயா?

(வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. ஆறு வருஷம் கல்யாணப் படத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் குனிந்து இழுத்துக் காட்டுவார்கள். நம் கதை நடப்பது சேலம் அம்மாபேட்டையில், மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒன்றரை அறைப் போர்ஷனில். அந்த அரை என்பது பாத்ரூம்.)

தம்பி: ஆணியே இல்லை. கம்பியை வளைத்து ஜன்னல் கிராதியில் மாட்டியிருக்கிறேன். பாத்ரூமில் இருக்கிற இரண்டும் வென்டிலேட்டர் திண்டில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. கிழக்குப் பக்கத்து வெளிச்சம் சொரசொரப்புக் கண்ணாடி வழியாக மட்டாக வருகிறது, நாம் குளிக்கிற ஈரமும் காற்றில் இருக்கிறது. ஃபெலனாப்சிஸுக்கு வேறு என்ன வேண்டும்?

வீட்டுக்காரம்மா: நமக்கே பாத்ரூமில் இவ்வளவு வசதி இல்லை. ஏய், இது பூவா? பிளாஸ்டிக்கா?

தம்பி: பூதான் அக்கா. மார்ச்சில் விரிந்தது, இன்னும் வாடவில்லை. இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

வீட்டுக்காரம்மா: வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பறித்துக்கொள்ளட்டுமா? இரு... வாசமே இல்லையே. வாசமும் இல்லை, வாடவும் வாடாது, தொட்டியில் மண்ணும் இல்லை. இதற்கு பிளாஸ்டிக்கே வாங்கியிருக்கலாம். தண்ணீராவது மிச்சம்.

தம்பி: மண் ஆகாது அக்கா. இது காட்டில் மரத்தில் தொற்றி வளர்கிற ஜாதி. வேருக்குக் காற்றுப் போக வேண்டும். அதனால்தான் அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டை மட்டும் போடுவது.

வீட்டுக்காரம்மா: அட, அதனால்தானா? தீபாவளிக்கு நீ ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தொட்டியில் வெறும் கரியாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் இரண்டு கை செம்மண்ணும் கொஞ்சம் சாணியும் போட்டு அமுக்கிவிட்டேன்.

தம்பி: அது நீங்களா?

வீட்டுக்காரம்மா: தண்ணீரும் ஒரு சொம்பு ஊற்றினேன்.

தம்பி: அது டென்ட்ரோபியம் அக்கா. பொங்கலுக்குள் வேர் அழுகிச் செத்துப்போனது. பெண்டாட்டிதான் செய்திருப்பாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

வீட்டுக்காரம்மா: நல்லது செய்யப் போனால் இப்படித்தான்.

தம்பி: அது இருக்கட்டும். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டுதானே போனேன்?

வீட்டுக்காரம்மா: இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறதே. ஆணி அடித்திருக்கிறாயா என்று ஒரு எட்டுப் பார்க்க வந்தேன்.

(தம்பி சற்று நேரம் சுவரைப் பார்க்கிறார். வழுவழுவென்று, ஒரு பொட்டு ஓட்டை இல்லாத சுவர்.)

வீட்டுக்காரம்மா: மரத்தில் தொற்றி வளரும் என்றாயே, அப்போது இது புல்லுருவி! எங்கள் அப்பா தோட்டத்தில் ஒரு மல்கோவா மரத்தையே அது தின்று தீர்த்தது. என் வீட்டுச் சுவரை என்ன செய்யுமோ!

தம்பி: புல்லுருவி வேறு அக்கா. அது கிளைக்குள் வேரை விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்திடம் கேட்பது நிற்க இடம், அவ்வளவுதான். தண்ணீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் வந்துவிடும். பட்டை இடுக்கில் தங்குகிற தூசியும் மக்கிய சருகும் சாப்பாடு. மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறு வாங்காது.

வீட்டுக்காரம்மா: குடித்தனக்காரன் மாதிரி என்று சொல்.

தம்பி: ஆமாம். ஆனால் மரம் பத்து மாத அட்வான்ஸ் கேட்காது.

வீட்டுக்காரம்மா: மரம் வீட்டு வரி கட்டுகிறதா?

தம்பி: கரண்டுக்கு யூனிட் 10 ரூபாய் என்று சொல்லாது. பதினோரு மாதம் முடிந்தால் ஆயிரம் ஏற்றாது. பூட்டியிருக்கிற நேரத்தில் மாற்றுச் சாவி போட்டு...

வீட்டுக்காரம்மா: இப்போது யாரைப் புல்லுருவி என்கிறாய்?

தம்பி: செடியைத்தான் சொன்னேன் அக்கா.

வீட்டுக்காரம்மா: செடியைச் சொன்னமாதிரி தெரியவில்லை. சரி, போன வாரம் கோடை விழாவுக்கு ஏற்காடு போனோமே, அங்கே இப்படித்தான் வைத்திருந்தார்கள். அது குளிர் ஊர். இந்த வெயிலில் இதை ஏன் கொண்டுவந்து வதைக்கிறாய்?

தம்பி: அதிலேயும் ஜாதி இருக்கிறது அக்கா. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், நாம் இருப்பது 300-க்கும் கீழே. அந்த 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். சிம்பிடியம் என்று ஒன்று உண்டு, ராத்திரிக் குளிர் இல்லாவிட்டால் மொட்டே வைக்காது. அது தெரியாமல் ஒன்றை வாங்கி மூன்று வருஷம் புல் வளர்த்தேன். வாண்டா அப்படி இல்லை. அதில் ஒரு வகை நம்ம பக்கத்துக் காய்ந்த காட்டு மரங்களிலேயே கிடக்கிறது. சேலத்து வெயில் அதற்குப் பழக்கம்.

வீட்டுக்காரம்மா: அப்போது காட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டாயா? ஃபாரஸ்ட்காரர் வந்து என் வாசலில் நின்றால்?

தம்பி: சத்தியமாக இல்லை. நர்சரியில் வாங்கியது. மலைப் பாதையில் யாராவது சாக்கில் போட்டு விற்றால் நான் தொடுவதுகூட இல்லை. மரத்திலிருந்து பிய்த்தது வீட்டில் பிழைப்பது அபூர்வம். காட்டிலோ, தூசி மாதிரி இருக்கிற அதன் விதை முளைப்பதற்கே ஒரு பூஞ்சை கூடச் சேர வேண்டும், அதற்கப்புறம் பூக்கப் பல வருஷம். இதையெல்லாம் காப்பாற்றத்தான் ஏற்காட்டில் 1963-லிருந்து மத்திய அரசே ஓர் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கிறது.

வீட்டுக்காரம்மா: வாயால் சொன்னால் போதாது. ரசீது இருக்கிறதா?

தம்பி: இதோ. தேதி, தொகை, முத்திரை எல்லாம் இருக்கிறது. ஒரு செடி வாங்கினால் ரசீது தருகிறார்கள் அக்கா. வாடகைக்கு ஒன்று தாருங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன்.

வீட்டுக்காரம்மா: ...நீ ஆணி அடித்தாயா, இல்லையா?

தம்பி: இல்லை அக்கா.

வீட்டுக்காரம்மா: ஜன்னலைக் காட்டு. ஓ, இதுதான் அந்த வாண்டா? தொட்டிகூட இல்லாமல் வேரெல்லாம் அந்தரத்தில் ஆடுகிறதே, சாமியார் ஜடை மாதிரி. இதற்கா தினமும் குளியல்? நல்ல தண்ணீரையா ஊற்றுகிறாய்? மேட்டூர்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குடத்தோடு காத்துக் கிடக்கிறோம், நீ செடிக்கு...

தம்பி: நல்ல தண்ணீர் இல்லை அக்கா.

வீட்டுக்காரம்மா: அப்போது என் போர் தண்ணீர்! மோட்டார் ஓடுகிற கரண்டு யார் கணக்கு?

தம்பி: அதுவும் இல்லை. நம்ம போர் தண்ணீரில் உப்பு. ஊற்றினால் வேரில் வெள்ளையாகப் படிந்து நுனி கருகிவிடும். இதற்கு மழைத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மா: மே மாதத்தில் மழையா?

தம்பி: மேலே பாருங்கள்.

வீட்டுக்காரம்மா: என் ஏசிக் குழாய்.

தம்பி: மூன்று வருஷமாக என் ஜன்னல் மேல்தான் சொட்டுகிறது. திருப்பி விடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்? பார்க்கலாம் பார்க்கலாம் என்றீர்கள். பாயெல்லாம் நனைந்தது. கடைசியில் கிராதிக்கு வெளியே வாளியைக் கட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து வருகிற தண்ணீர் அது, உப்பே கிடையாது. ராத்திரி முழுக்க நீங்கள் ஓட்டினால் காலையில் அரை வாளி நிற்கும். அதில்தான் மூன்றும் குளிக்கின்றன.

வீட்டுக்காரம்மா: ஆக, என் ஏசித் தண்ணீர்.

தம்பி: கீழே கொட்டுகிற தண்ணீர் அக்கா.

வீட்டுக்காரம்மா: கீழே கொட்டினால் என்ன? கரண்டு பில் கட்டுகிறவள் நான். ஏசிக்காரனுக்கு சர்வீஸ் காசு கொடுக்கிறவள் நான். இங்கே நீ வாளி வைத்துப் பிடிக்கிறாய். மாதம் 100 போட்டுவிடு.

தம்பி: பாய் நனைந்ததற்கு?

வீட்டுக்காரம்மா: பாய் உன்னுடையது.

(இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. சொத்து வாங்கியதும் தானாக வந்துவிடும்போல.)

தம்பி: சரி, 100 தருகிறேன். ரசீது தருவீர்களா?

வீட்டுக்காரம்மா: அதோ! அதோ பார்! பாத்ரூம் கதவுக்கு மேலே! ஆணி!

தம்பி: அது நான் வரும்போதே இருந்தது.

வீட்டுக்காரம்மா: எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தம்பி: அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். இதோ, தேதி. நீல டிக் விழுந்திருக்கிறது.

வீட்டுக்காரம்மா: ...ஆமாம். இது போன குடித்தனக்காரன் அடித்தது. காலி செய்யும்போது 500 பிடித்துக்கொண்டேன்.

தம்பி: அவரைக் கடைவீதியில் பார்த்தேன். அவருக்கு முன்னால் இருந்த டீச்சரிடமும் இதே ஆணிக்குத்தான் 500 பிடித்தீர்களாம்.

(அமைதி. வீட்டுக்காரம்மா எக்கி ஆணியைத் தொட்டுப் பார்க்கிறார். விரலில் துரு ஒட்டுகிறது. முந்தானையில் துடைத்துக்கொள்கிறார்.)

வீட்டுக்காரம்மா: பழைய ஆணிதான்.

தம்பி: இந்த வீட்டில் தவறாமல் சம்பாதித்துக் கொடுக்கிற குடித்தனக்காரர் அவர் ஒருத்தர்தான் அக்கா. அவருக்குத் தண்ணீர்க் காசு போட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்காரம்மா: பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இன்றையிலிருந்து நான் ஏசியே போடப் போவதில்லை. உன் வாண்டா எப்படிக் குளிக்கிறது என்று பார்க்கிறேன்.

தம்பி: மே மாதம் அக்கா.

வீட்டுக்காரம்மா: இருக்கட்டும்.

தம்பி: நேற்று 40 டிகிரி.

வீட்டுக்காரம்மா: ஏசி வருவதற்கு முன்னால் நாங்கள் வாழவில்லையா?

(படியேறிப் போகிறார். பாதிப் படியில் நின்று, கைப்பிடிக் கம்பி சுடுகிறது என்று யாரையோ திட்டுகிறார். மணி ஒன்றே முக்கால். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு மணிக்கு ஜன்னல் திறக்கிற சத்தம். இரண்டு ஐந்துக்கு அதே ஜன்னலைப் படாரென்று சாத்துகிற சத்தம். இரண்டே காலுக்கு வெளிக்கூண்டு உறுமத் தொடங்குகிறது.

தம்பி வாளியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, வாண்டாவின் வேரில் விழுகிறது. சாம்பல் பூத்த வெள்ளையாக இருந்த வேரில் அந்த இடம் மட்டும் மெல்லப் பச்சையாகிறது.)