கிரைண்டரில் பேடு மாட்டினால் பாலிஷர் ஆகிவிடாது

"காரைப் பாலிஷ் செய்ய 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் பஃபிங் பேடு மாட்டினால் போதும், பாலிஷர் தண்டச் செலவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும்; ரோட்டரி பாலிஷருக்கு (பேடு ஒரே அச்சில் சுழலும் வகை) அதிகபட்சமே பெரும்பாலும் 3,000-3,500 சுற்றுதான். பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோ பெரும்பாலும் 40-50 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த வேகத்தில் சூடேறி, பானட் விளிம்பில் நொடிகளில் அடிப்பெயிண்ட் தெரியும், பிறகு ரீபெயிண்ட்தான். ஃபேன் ரெகுலேட்டர் வைத்து வேகத்தைக் குறைப்பதா? இழுவை போய் மோட்டார்தான் சூடாகும்.

புதிதாகப் பழகுபவருக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (பேடு சுழன்றபடியே வட்டமாகவும் அசையும் வகை) நல்லது: 15 மி.மீ. த்ரோ (பேடு அசையும் வட்டத்தின் விட்டம்), 5 இஞ்ச் பேக்கிங் பிளேட் (பேடு ஒட்டும் தட்டு), 5.5 இஞ்ச் ஃபோம் பேடு. அதிகம் அழுத்தினால் பேடு சுழல்வது நின்றுவிடும், பெயிண்ட் தப்பிக்கும். சென்னையில் ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர் பக்கம் வெளியே நிற்கும் வண்டிக்கு முதலில் ஷாம்பு வாஷ், அடுத்து கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி). ஒட்டிய தூசியோடு பாலிஷரை ஓட்டினால் டூயல் ஆக்‌ஷனும் கீறும்.